ஒரே மரம், இரண்டு சட்டம்

கொங்கு நாட்டு இளைஞர்களின் பைக்குகள் விடுமுறை நாட்களில் எல்லை தாண்டிச் சித்தூருக்கு விரைகின்றன. வீட்டில் சொல்லும் காரணம் அருவி. வழியில் நிற்கும் இடம் கள்ளுக்கடை.

ஞாயிறு காலை. கோவையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. ஒரு வண்டிக்கு இரண்டு பேர். கல்லூரி மாணவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், மென்பொருள் நிறுவன ஊழியர்கள் என்று எல்லாத் தரப்பும் உண்டு. எல்லைக்கு அப்பால் முதலில் வரவேற்பவை லாட்டரிச் சீட்டுக் கடைகள். அடுத்து, கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘கள்ளு’. இளைஞர்கள் தங்களுக்குத் தெரிந்த மலையாளத்தில் ‘சேட்டா’ என்று ஆரம்பித்தால், ‘வாங்க தம்பி, உக்காருங்க’ என்று பதில் தமிழிலேயே வருகிறது.

இது ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், பாரதப்புழையின் கிளையான சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவும் வரலாம். மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாக வந்தால் முதலில் கொல்லங்கோடு. எந்த வழியானாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் பயணம். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் இங்கேதான். சாலை தட்டையானது. இருபுறமும் தென்னையும் வயலும். தெற்கே திரும்பினால் நெல்லியாம்பதி மலைச் சுவர். பைக் ஓட்டிகளுக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் 1987 ஜனவரி 1 முதல் தடை. விஸ்கியும் பிராந்தியும் அரசின் டாஸ்மாக் கடைகளிலேயே கிடைக்கும்; தென்னை மரத்துப் பாளையில் ஊறுவதைக் குடித்தால் குற்றம். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை தலைகீழ். கேரளம் 1996-ல் சாராயத்தை ஒழித்தது. கள்ளை விட்டுவைத்தது. விட்டுவைத்தது மட்டுமல்ல, கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969-லேயே தனிச் சட்டம் இயற்றிச் சேமநல நிதியும் ஏற்படுத்தியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1987 தடையைக் கொண்டுவந்த முதல்வர் எம்.ஜி.ஆரின் பூர்வீகமே இந்தச் சித்தூர் வட்டாரம்தான். அவருடைய தாய் சத்தியபாமா வாழ்ந்த வடவனூர் வீடு இப்போது நினைவில்லம். அதைப் பார்க்க வரும் தமிழகத்து ரசிகர்கள் கள்ளிறக்கும் தென்னந்தோப்புகளைக் கடந்துதான் போக வேண்டும்.

சட்டத்தின் வேறுபாட்டில் ஊர் செழிப்பது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தபோது, கலிஃபோர்னியாக்காரர்கள் கார்களில் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்குப் படையெடுத்தார்கள். சிறு கிராமமாக இருந்த அது மதுக்கடைகளும் சூதாட்ட விடுதிகளும் நிறைந்த நகரமானது. சித்தூர் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான்: இங்கே இல்லாதது அங்கே இருக்கிறது. லாட்டரியும் அப்படியே. கேரள அரசு 1967-ல் ஆரம்பித்த லாட்டரி இன்றும் ஓடுகிறது. தமிழகம் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தது. எல்லையோரச் சீட்டுக் கடைகளின் கூட்டத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடைக்கு வருபவர்கள் பார்க்காதது மரத்தின் மேல் நடக்கும் வேலை. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்கணக்கில் பதமாகத் தட்டி, நுனியைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். பிறகு நாளுக்கு இரண்டு முறையாவது மரமேற வேண்டும். ஒரு நாள் சீவத் தவறினாலும் ஊற்று அடைபடும். மழைக்காலத்தில் வழுக்கும் மரம் உயிரோடு விளையாடும். கலயத்தில் விழும் சாறு இனிப்பானது. காற்றில் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதுவே பதநீர். சித்தூர் வட்டத்தில் இறங்கும் கள் இந்த ஊரோடு நிற்பதில்லை. அனுமதி பெற்ற வாகனங்களில் கேரளத்தின் தென் மாவட்டங்கள் வரை போகிறது.

இந்தத் தென்னைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லைக்கோடு இன்னும் குழம்பிவிடும். பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல். அதன்படி தமிழகம் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு விட வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டுகளில் இதற்காக இரு மாநில அதிகாரிகளும் மேஜையில் மோதிக்கொள்வது வழக்கம். ஆழியாற்றுத் தண்ணீர் மேற்கே போய்க் கள்ளாக மாறுகிறது. பொள்ளாச்சி இளைஞர் அதைத் தேடிப் பெட்ரோல் செலவழித்துப் பின்னாலேயே போகிறார்.

பொள்ளாச்சித் தென்னை விவசாயிகளின் ஆதங்கமும் இதுதான். அவர்களிடமும் அதே மரம். தேங்காய் விலை ஏறி இறங்குகிறது. வேர் வாடல் நோய் தோப்புகளை அழிக்கிறது. கள் இறக்க அனுமதி கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். தமிழக அரசு 2017-ல் புளிக்காத நீரா பானத்துக்கு மட்டும் வழிவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியபோது கள் பற்றிய பேச்சு மறுபடியும் கிளம்பியது. ஆனால் கள் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2010-ல் கலப்படக் கள் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மரத்திலிருந்து வருவதும் கடையில் ஊற்றுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கள்ளோடு திரும்பிவிடுபவர்கள் ஊரைத் தவறவிடுகிறார்கள். மலையாள மொழியின் தந்தை எனப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் சோகநாசினிக் கரையில்தான் இருக்கிறது. தமிழ்த் திரையில் ஒலித்த பின்னணிப் பாடகி பி. லீலா 1934-ல் பிறந்தது சித்தூரில். பாலக்காடு ஆங்கிலேயரின் மலபாரில் இருந்தபோது சித்தூர் கொச்சி மன்னருக்குச் சொந்தமாக இருந்தது. இங்குள்ள அரசுக் கல்லூரியில் தமிழுக்குத் தனித் துறை உண்டு. வட்டாரத்தில் பல குடும்பங்கள் வீட்டில் பேசுவது தமிழ்.

எல்லாவற்றையும்விடக் கொங்கு நாட்டுக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது, சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் நடக்கும் ‘கொங்கன் படை’ திருவிழா. கணவாய் வழியாகப் படையெடுத்து வந்த கொங்கு மன்னனை ஊரார் பகவதியின் துணையோடு வீழ்த்தினார்கள் என்பது ஐதீகம். அந்தப் போர் ஆண்டுதோறும் தெருவில் நடித்துக் காட்டப்படுகிறது. தோற்பவர் கொங்கர். இப்போது அதே வழியில் கொங்கர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். ஊர் எதிர்ப்பதில்லை, கப்பையும் மீன் கறியும் பரிமாறுகிறது.

உண்மையான போர் திரும்பும் சாலையில் இருக்கிறது. கேரளத்தில் மது அருந்தும் வயது 2017-ல் 21-லிருந்து 23 ஆக உயர்ந்தது. பைக்கில் வருபவர்களில் பலர் அதற்கும் கீழே. ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கள் லேசானது என்ற நம்பிக்கை ரத்தப் பரிசோதனைக் கருவியிடம் செல்லாது. எதிரே வரும் மணல் லாரியிடம் அறவே செல்லாது. வண்டிக்கு ஒருவர் தொடுவதில்லை என்று சில நண்பர் குழுக்கள் விதி வைத்திருக்கின்றன. ஓட்டுகிறவருக்கு இளநீர். கிண்டலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வண்டிச் சாவி அவரிடம்தான்.

மாலையில் பைக்குகள் கிழக்கே திரும்பும் நேரத்தில் தோப்புகளில் இரண்டாவது முறை மரமேறத் தொடங்குகிறார்கள். உயரத்திலிருந்து பார்த்தால் எல்லையின் இரு பக்கமும் ஒரே தென்னைதான் தெரியும். எது கேரளம், எது தமிழ்நாடு என்று அடையாளம் சொல்வது கலயம் மட்டுமே.