கொழுந்தின் நிறம் மாறுவதற்குள்

தேயிலைச் சரிவில் கத்தரியால் கொழுந்து வெட்டுபவரைச் சற்று நேரம் நின்று கவனித்தால் படத்தொகுப்பின் முதல் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். கத்தரியோடு சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். வெட்டிய கொழுந்து அதில் சேரும். நாலைந்து வெட்டு முடிந்ததும் கையை வீசி, திரும்பிப் பார்க்காமலேயே, தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் கொட்டுவார்கள். நான் முதன்முதலில் மனநிறைவோடு போட்ட கட் அந்த வீச்சில்தான் விழுந்தது. தூரத்து ஷாட்டில் கொழுந்து பெட்டியை விட்டுக் கிளம்புகிறது, கிளோசப்பில் கூடைக்குள் விழுகிறது. பார்ப்பவரின் கண் அந்த வீச்சின் பின்னாலேயே ஓடுவதால் கேமரா இடம் மாறியதை அது கவனிப்பதில்லை.

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கை வைத்து நாங்கள் எடுத்த மாணவர் குறும்படத்தின் கதை சிறியது. ஹாபு பக்கத்துத் தேயிலைச் சரிவில் வேலை செய்யும் அம்மா, கீழே பெர்த்தாம் சாலையோரத்தில் காத்திருக்கும் மகன், நடுவில் ஒரு மழை. எடிட்டிங் என் பொறுப்பு. அதனால் கண்டினியூட்டி (தொடர்ச்சி) நோட்டையும் என்னிடமே கொடுத்தார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது பெரிய நன்மை என்பேன். நாளை எதைத் தேடித் தவிக்கப்போகிறோம் என்பது தொகுப்பவருக்குத்தானே தெரியும்!

வீச்சில் வெட்ட வேண்டுமென்றால் இரண்டு ஷாட்டிலும் அந்தச் செயல் முழுதாக இருக்க வேண்டும். வெட்டுவதிலிருந்து கூடையில் விழுவது வரை தூரத்தில் ஒருமுறை, அருகில் ஒருமுறை. அம்மாவாக நடித்தவர் நிஜமாகவே கொழுந்து வெட்டுபவர். "அதே மாதிரி இன்னொரு தடவை செய்யுங்க அக்கா" என்றேன். "அதே மாதிரி எப்படிப்பா வரும்? அப்ப கூடை காலியா இருந்துச்சு, இப்ப கனக்குதே" என்றார். எனக்குத் தொடர்ச்சியைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பதில். காலிக் கூடையோடு நிற்பவரின் தோள் நிமிர்ந்திருக்கும், வீச்சு நீளமாக இருக்கும். கூடை நிறைய நிறைய உடம்பு முன்னால் சாயும், கால் பாத்தியில் அகலமாக ஊன்றும், கை சுருங்கி வீசும். கூடைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கேமரா காட்டாவிட்டாலும் முதுகு காட்டிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு டேக்குக்கும் கூடையின் அளவை நோட்டில் எழுதினேன்: கால், அரை, முக்கால், நிறைவு. சட்டைக் கையின் ஈரம், பூட்ஸில் சேறு ஏறியிருந்த உயரம், தலைத்துணியின் முடிச்சு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்குக் கீழே வரும்.

சினிமாவே இந்தத் தொடர்ச்சியைக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எட்வின் போர்ட்டர் 1903-இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' படத்தில் தீயிலிருந்து ஒரு தாயையும் குழந்தையையும் மீட்கும் காட்சி முதலில் அறைக்குள்ளிருந்து முழுதாக வரும். பிறகு அதே மீட்பு, வெளியே இருந்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து வரும். உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றி வெட்டி ஒரே நேரமாக ஓடவிடும் பழக்கம் அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. மாணவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நாம் இன்று யோசிக்காமல் போடும் ஒரு கட் எவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது விளங்கும்.

தேயிலைத் தோட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வெட்டுவதற்கு முன் செடிகளின் மேல்பரப்பு முழுவதும் இளம்பச்சைக் கொழுந்து விரிந்திருக்கும். கத்தரி போன பிறகு அதே நிரை கரும்பச்சை. மறுபடி இளம்பச்சை ஏற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே நடிப்பு பிடிக்கவில்லை, இன்னொரு டேக் போகலாம் என்று நின்ற இடத்திலேயே சொல்ல முடியாது. வெட்டாத அடுத்த நிரைக்கு நகர வேண்டும், அங்கிருந்து பார்த்தால் பின்னணி மலை வேறு கோணத்தில் நிற்கும். படப்பிடிப்பு வரிசையைக் கதை முடிவுசெய்யவில்லை, கொழுந்துதான் முடிவுசெய்தது. வெட்டாத நிரை தெரியும் ஷாட்டுகளையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது மூடுபனி. கேமரன் மலையில் காலையில் தெளிவாக இருக்கும் சரிவு மதியத்துக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். தெளிவு இருக்கும்போது வைட் ஷாட்டுகள், பனி இறங்கியதும் செடியை ஒட்டிய கிளோசப்புகள் என்று பிரித்துக்கொண்டோம். கிளோசப்பில் கேமராவைச் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கிப் பார்த்தால் பின்னணி முழுக்க இலைதான், வானம் தெரியாது. பிறகு ஒலி. கீழே ஓர் ஆற்றோசையை, மேலே ஒரு பூச்சிச் சத்தத்தைத் தொடர்ந்து ஓடவிட்டால் வெளிச்சத்தின் சிறு வேறுபாட்டைக் காது மன்னித்துவிடும். காட்சி மாறுவதற்கு அரை நொடி முன்பே அடுத்த இடத்தின் ஒலியை நுழைத்துப் பாருங்கள், கட் மெத்தென்று இறங்கும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது திசை. 180 பாகை விதியை எல்லோரும் சொல்லித்தருவார்கள்: இருவருக்கிடையே ஒரு கோடு, கேமரா அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இடம் வலமாகிவிடும். அது சமதளத்துப் பாடம். சரிவில் மேலும் கீழும் சேர்ந்துகொள்கின்றன. மகன் இடப்பக்கம் மேல்நோக்கிப் பார்த்தால் அம்மா வலப்பக்கம் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். அம்மாவை எடுத்தது ஹாபுவில், மகனை எடுத்தது பெர்த்தாமில், வேறு வேறு நாளில். நிஜத்தில் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவே மாட்டார். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920 வாக்கில் மாஸ்கோ தெருக்களில் நடந்த நடிகர்களை அமெரிக்க வெள்ளை மாளிகைப் படியோடு ஒட்டிக் காட்டியதும் இதே வித்தைதான். பார்வை பொருந்தினால் இடம் பொருந்திவிடும்.

ஆயினும் அந்த வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தின் தொகுப்பாளர்களில் ஒருவரான வால்டர் மர்ச், ஒரு கட் போடும்போது பார்க்க வேண்டியவற்றுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10 என்று இறங்கி, முப்பரிமாண இடத்தின் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4. அவரைப் பெரிதும் மதிக்கிறேன். உணர்ச்சிக்கு முதலிடம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் லெம்பா பெர்த்தாமில் இடத்துக்கு 4 விழுக்காடு போதாது. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணை 1963-இல் கட்டப்பட்டது. பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து நிற்கும் அந்த அணைக்குக் கீழேதான் இந்தப் பள்ளத்தாக்கு. 2013 அக்டோபர் 23 நள்ளிரவு கடந்து, கனமழையில் நிரம்பிய அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் ஆற்றங்கரை வீடுகளுக்குள் பாய்ந்தது. உயிர்களும் போயின. மழைச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்கெல்லாம் தெரியும்.

அதனால் அணை இருக்கும் பக்கத்தைத் திரையின் இடப்பக்கம் என்று வைத்து, படம் முழுக்க அதை மாற்றவில்லை. அம்மா வேலைக்குப் போகும்போது வலமிருந்து இடம், வீடு திரும்பும்போது இடமிருந்து வலம். கடைசி மழையில் மகன் இடப்பக்கமே பார்த்து நிற்கிறான். அவனுடைய முகம் வலப்பக்கம் திரும்பிய டேக்கில் நடிப்பு இன்னும் நன்றாக இருந்தது. இயக்குநருக்கும் அதுதான் பிடித்திருந்தது. வெகுநேரம் பேசி அதை விட்டுவிட்டோம். ஊரார் பார்த்தபோது, வசனமே இல்லாத அந்த ஷாட்டில் ஒரு பாட்டி, "அணைப் பக்கம் பார்க்குறான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

மலேசியத் தமிழ்ப் படங்களில் தோட்ட வாழ்க்கைக்குத் தனி இடம் உண்டு. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் ரப்பர் தோட்டக் குடும்பம் ஒன்றைச் சொன்னது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு என்ன ஆனது என்று காட்டியது. இந்த வரிசையில் அடுத்த படத்தை எடுக்கப்போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் தொகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் காட்டுவதற்கு முன், படம் காட்டும் வேலையை நிஜத்தில் செய்கிறவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். கூடையின் அளவு குதித்தால், வெட்டிய நிரையில் மறுபடி வெட்டினால் அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் இடத்தில் திருத்துங்கள்.