அப்பிச்சியின் பாசித் தொட்டி

போன மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனீர்கள். "ஏனுங் சார், மீன் தொட்டிக்குக் கீழ எதுக்குங் இன்னொரு தொட்டி? அதுல ராத்திரி பூராவும் லைட்டு வேற எரியுது?" ஒவ்வொருவருக்கும் பாதி பதில்தான் சொன்னேன். மீதியைச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்று முழுசாக எழுதிவிடுகிறேன்.

தொட்டி என்னுடையது அல்ல, மகள்வழிப் பேரனுடையது. 200 லிட்டர் கடல் தண்ணீர்த் தொட்டி. கல்லூரிக்குச் சென்னை போகும்போது, "அப்பிச்சி, பாத்துக்கோங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு நீல டாம்சல், நாலைந்து நத்தை. பவளம் கிடையாது. கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001-லிருந்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்துக்குப் புலியும் ஒன்றுதான், பவளமும் ஒன்றுதான். அதனால் செராமிக் கற்களை அடுக்கிப் பவளத்திட்டு போலச் செய்து வைத்திருந்தான். கோமாளி மீன் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது. அந்த வித்தையை மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

நம் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். யார் வந்தாலும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம். மீனுக்கும் அதே கதிதான். காலையில் நான் ஒரு கிள்ளு போடுவேன். பதினோரு மணிக்கு வீட்டுக்காரம்மா, "பாவமுங்க, வாயை வாயைப் பொளக்குது, பசிக்குதாட்ட இருக்குது" என்று ஒரு கிள்ளு. சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சிறுசு வந்து ஒரு கிள்ளு. மூன்று மாதத்தில் கல்லெல்லாம் முடிப்பாசி ஏறி, மணலில் சிவப்பாக ஒரு வழவழப்புப் படர்ந்துவிட்டது. நைட்ரேட் பார்க்கும் சொட்டு மருந்து வாங்கிச் சோதித்தேன். லிட்டருக்கு 60 மில்லிகிராம். கடலில் பவளத்திட்டுப் பக்கம் நைட்ரேட் இருக்கிறதா என்றே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நைட்ரஜன் சுழற்சியை 31 வருடம் கரும்பலகையில் வரைந்தவன் நான். கழிவு அமோனியாவாகும், அமோனியா நைட்ரைட்டாகும், நைட்ரைட் நைட்ரேட்டாகும், அதைத் தாவரம் எடுத்துக்கொள்ளும். அம்புக்குறி போட்டு வட்டத்தை மூடிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். வீட்டுத் தொட்டியில் அந்த வட்டம் மூடவில்லை. பாக்டீரியா தன் வேலையைச் செய்து நைட்ரேட் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அதற்கு மேல் எடுத்துக்கொள்ள அங்கே தாவரமே இல்லை. அந்த இடத்தைத்தான் முடிப்பாசி தானாக வந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. இது மண்டையில் ஏறவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீன் தீனியில் ஏறக்குறைய பாதி புரதம், புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு நைட்ரஜன். ஒரு கிராம் தீனி முழுசும் மக்கினால் சுமார் 0.35 கிராம் நைட்ரேட். தினம் ஒரு கிராம் வீதம் ஒரு வாரம் போட்டால் 200 லிட்டரில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் ஏறும். ஞாயிற்றுக்கிழமைதோறும் 40 லிட்டர் மாற்றினேன். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 1.4 கிலோ கடலுப்புக் கலவை, அதுவும் மளிகைக்கடை உப்பு விலையில் கிடைக்காது. ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் 60 என்பது 48 ஆகும். அடுத்த ஞாயிறுக்குள் 12 ஏறி மறுபடியும் 60. வருசம் பூராவும் தூக்கி ஊற்றினாலும் அங்கேயேதான் நிற்கும். முதுகுவலிதான் மிச்சம்.

அப்போதுதான் பேரன் போனில் பாசி வளர்க்கும் யோசனையைச் சொன்னான். புதிது ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி என்பவர் பாசியையே வடிகட்டியாக வைத்துப் பவளத்திட்டுத் தொட்டி நடத்திக் காட்டி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. நம் மண்டபத்திலும் கோபியா மீன் வளர்க்கும் கூண்டுகளைச் சுற்றிக் கடல்பாசி மிதவைகளைக் கட்டுகிறார்கள். மீன் கழிவைப் பாசி தின்னும், பாசி காசாகும். மேலே மீன் தொட்டி, கீழே பாசித் தொட்டி, ஒரு பம்பு தண்ணீரைச் சுற்றிவிடும். கீழ்த்தொட்டிக்கு 'சம்ப்' என்று பேர். நம் வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்து வைக்கும் சம்ப் அல்ல என்று கேபிள் போட வந்த எலக்ட்ரீசியனுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடையில் காலர்ப்பா என்ற பாசியைக் கொடுத்தார்கள். பச்சைத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். எவ்வளவு நீளம் ஓடினாலும் முழுச் செடியும் ஒரே செல்தான், உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. உயிரியல் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தினம் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு வாரத்தில் நைட்ரேட் 25-க்கு வந்துவிட்டது. அறுவடை செய்து வெளியே எடுக்க வேண்டும் என்று பேரன் இரண்டு தடவை சொன்னான். கொத்துக் கொத்தாக நிற்பதை வெட்ட மனசு வரவில்லை. "ஆகட்டும் கண்ணு, அடுத்த வாரம்" என்றேன்.

ஒரு நாள் விடியற்காலை எழுந்து பார்த்தால் தண்ணீர் பச்சைமோர் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. காலர்ப்பா இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் தன் உள்ளடக்கம் முழுவதையும் தண்ணீரில் கொட்டிவிட்டுத் தோலாக நின்றுவிடும். ஒரே செல் என்று ரசித்தேனே, அதன் விலை இது. ஆறு வாரமாகத் தின்ற சத்தெல்லாம் ஒரே ராத்திரியில் தொட்டிக்குத் திரும்பிவிட்டது, ஆக்சிஜனும் தீர்ந்தது. டாம்சல் மிதந்துகொண்டிருந்தது. கோமாளி ஜோடியில் பெரியது, அதாவது பெண், கல் இடுக்கில் சாய்ந்து கிடந்தது. சின்னது மட்டும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாளியில் புது உப்புத் தண்ணீர் கலக்கி, ஏர் பம்பு போட்டு, அதை மட்டும் காப்பாற்றினேன்.

பேரனிடம் சொல்லவில்லை. அவன் போன் செய்தால், "நல்லா இருக்குதுங்க மீனெல்லாம்" என்றேன். வீடியோவில் காட்டச் சொன்னால் கரண்ட் இல்லை என்றேன். இப்படி ஐந்து வாரம் ஓடிற்று.

உங்களில் ஒருவனுக்கு ஒரு ப்யூரெட் ஞாபகம் இருக்கும். உடைத்துவிட்டு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய். கண்டுபிடித்து, மூன்று நாள் ஆய்வகத்துக்கு வெளியே நிற்க வைத்தேன். "உடைச்சதுக்கு இல்ல, மறைச்சதுக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உனக்கு அப்போது பதினேழு வயசு. எனக்கு இப்போது அறுபத்தெட்டு. பேரனிடம் கரண்ட் இல்லை என்று சொன்ன அன்றைக்கு உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வெட்டச் சொன்னேன்ல அப்பிச்சி" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த நாள் கூரியரில் ஒரு பை வந்தது. உள்ளே ஈரத் துணியில் சுற்றிய கீட்டோமார்ஃபா. பச்சை நிறத்தில் பாத்திரம் தேய்க்கும் நார் போலவோ, சிக்கிய தூண்டில் நரம்பு போலவோ இருக்கும். அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் காலர்ப்பா மாதிரி ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்கும் சுபாவம் இதற்கு இல்லை.

இப்போது மேல் விளக்கு அணைந்ததும் கீழ் விளக்கு எரியும். ராத்திரி மீன் விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்வதால் தண்ணீரின் பி.எச். விடியும்வரை சரியாமல் நிற்கிறது. நீங்கள் கேட்ட லைட்டுக்கு விடை இதுதான். சனிக்கிழமைதோறும் ஒரு கைப்பிடி, 100 கிராம், தராசில் நிறுத்தி எடுக்கிறேன். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் 11 கிராம் நிற்கிறது. அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு நைட்ரஜன் என்று வைத்தாலும் தொட்டியிலிருந்து லிட்டருக்கு 6 மில்லிகிராம் நைட்ரேட் வெளியே போகிறது. தீனியை மூன்றில் ஒன்றாகக் குறைத்ததால் உள்ளே வருவது 4-தான். கணக்கு ஒருவழியாக நம் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டுக்காரம்மாவும் பதினோரு மணிக் கிள்ளை விட்டுவிட்டார், ஆனால் மீன் இளைத்துவிட்டது என்று இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

நம் கோயமுத்தூர்க் குளங்களில் ஆகாயத்தாமரை செய்வதும் இதே வேலைதான். சாக்கடைச் சத்தைத் தின்றுதான் அப்படிக் கொழிக்கிறது. கரைக்கு ஏற்றி அப்புறப்படுத்தினால் சத்தும் போகும். அங்கேயே அழுகவிட்டால் தின்றதெல்லாம் குளத்துக்கே திரும்பும். குறிச்சிக் குளக்கரையில் நின்று இதைச் சொன்னால் முன்பு நானே தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன்.

தொட்டியில் பெண் செத்தால் ஆண் கோமாளி மீன் பெண்ணாக மாறும். இருந்த சின்னது இப்போது நன்றாகப் பெருத்துவிட்டது. பொங்கல் லீவுக்கு வந்த பேரன் ஒரு குஞ்சு வாங்கி விட்டான். முதல் நாள் துரத்திற்று. இப்போது இரண்டும் ஒரே மூலையில் தூங்குகின்றன. நைட்ரேட் 8.

சனிக்கிழமை எடுக்கும் பாசி வேண்டுமென்றால் டப்பாவோடு வாருங்கள், சும்மாவே தருகிறேன். ஒன்றே ஒன்று கண்ணுகளா, வேண்டாமென்று தோன்றினால் வெயிலில் சருகாகக் காயவைத்துச் செடிக்குப் போடுங்கள். ராமேஸ்வரம் போகும்போது கடலில் விட்டுவிடாதீர்கள். பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து வந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-லேயே எழுதிவிட்டார்கள். மத்தியதரைக் கடலில் 1984-ல் மொனாக்கோ பக்கம் ஒரு சின்னத் திட்டாகக் கண்ட காலர்ப்பா பல நாட்டுக் கரைகளுக்குப் பரவிவிட்டது. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்குள் வெட்டி அலசி வைத்திருப்பேன். ப்யூரெட்காரனே, நீயும் வா.