அணியத்தில் இடித்த பலகை

துடியலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் குருடி மலை தெரியும். கடல் தெரியாது. அந்த ஊர்க்காரன் கப்பல் செய்யப் புறப்பட்ட கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கல்லூரிக் கண்காட்சிக்கு மாடல் கேட்டார்கள். நம் கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யின் கப்பலைச் செய்கிறேன் என்று முந்திரிக்கொட்டையாய்க் கை தூக்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, 'காலியா' புகைபோக்கி வைத்த நீராவிக் கப்பல். எனக்கு ஆசையோ பலகை பலகையாய் ஒட்டிச் செய்யும் கப்பல் மேல்! ஆகவே, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சரக்கு ஏற்றிப்போன தூத்துக்குடித் தோணிக்கு மாறினேன். அதன் மூக்குப் பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இந்த இரண்டு சொல்லைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய பெருமை.

அப்பா பேட்டர்ன் ஆசாரி. பவுண்டரியில் பம்பு வார்ப்பதற்கு மரத்தில் அச்சு செய்பவர். அந்த வேலையெல்லாம் கம்ப்யூட்டர் மெஷினுக்குப் போய், அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இருந்தால் அதிகம். உளிப் பெட்டியை விற்க விலை பேசிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. டிராயிங்கில் தேறியவனாயிற்றே!

அவர் ஸ்கேலை மட்டும் சுட்டேன். அடிமரத்தை அதில் அளந்தேன், மேல்தளத்தை என் ஸ்கேலில். 600 மில்லிக்கு 6 மில்லி உதைத்தது. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லி சுருங்கும் என்பதால் பேட்டர்ன்காரர் ஸ்கேலே அந்த அளவுக்கு நீளமாம். மூன்று வருடம் டிப்ளமோ படித்தவன் சொந்த வீட்டு ஸ்கேலைத் தெரிந்துவைத்த லட்சணம் இது.

குறுக்குச் சட்டங்கள் ஒருவழியாய் நின்றன. பம்பு பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தை 6 மில்லி அகலப் பட்டைகளாய் அறுத்து ஒட்ட ஆரம்பித்தேன். நடுவில் அழகாய்த்தான் உட்கார்ந்தது. அணியத்தில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. குண்டூசி அடித்து அழுத்தினால் பட்டென்று முறிந்தது. ஒரே பக்கமாய் எட்டுப் பலகை ஒட்டியதில் அடிமரம் வாழைக்காயாய் வளைந்துவிட்டது. கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான்...

ராத்திரி அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நடுவுல எத்தன பலகை?"

"பதினாறுங்ப்பா."

"மூக்குல?"

"அதே பதினாறுதானுங்."

"அங்க எடம் இருக்குதா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பேப்பரைக் கிழித்து நடுச் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து அடிமரம் வரை சுற்றிப் பிடித்தார். 96 மில்லி. அணியத்தில் 64 தான். பதினாறால் வகுத்தால் நடுவில் 6, மூக்கில் 4. ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒவ்வொரு பலகையும் முனையில் குறுக வேண்டும். இதை ஒவ்வொரு சட்டத்திலும் அளந்து, வகுத்து, புள்ளி வைத்துவிட்டுத்தான் பலகையையே தொட வேண்டுமாம்.

ஒட்டியதையெல்லாம் பிய்த்துப் போட்டோம். வளைந்த அடிமரத்தைப் புதிதாய் அறுத்தோம். பலகையை அரை மணி வெந்நீரில் ஊற வைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயில் வளைத்து, காய்ந்த பிறகே பெவிகால். இடது பக்கம் ஒன்று ஒட்டினால் வலது பக்கம் ஒன்று. குறுகல் எடுக்க அப்பா தன் சின்ன இழைப்புளியைக் கொடுத்தார். நான் தள்ளினால் பிசிறு வரும். அவர் தள்ளினால் சுருள் வரும், வெங்காயத் தோல் மாதிரி.

ஒட்டிக்கொண்டே அவருக்கு ஒரு சங்கதி சொன்னேன். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் நம் தமிழர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற மரப் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது என்று. இழைப்பதை நிறுத்திவிட்டு, "அத்தன தூரத்துக்கும் தண்ணி உள்ள வராம பலகை சேத்திருக்கறான் பாரு" என்றார். அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை. பல்பு எரிகிற மாடலுக்குத்தானே எப்போதும் பரிசு! அப்பா சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். யாரும் பார்க்காதபோது அணியத்தை விரலால் ஒருதரம் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் உளிப் பெட்டி விலை போய்விட்டது. நான் கல்லூரி விட்டு வரும்போது திண்ணையில் பெட்டி இருந்த இடம் காலி. உள்ளே என் மேஜை மேல், தோணிக்குப் பக்கத்தில், சின்ன இழைப்புளி மட்டும் இருந்தது.

"அமரத்துப் பக்கம் இன்னும் சொரசொரன்னு இருக்குது, பாத்தியா?" என்றார் அப்பா.