ஒரு பெயரைத் தேடிப் போன பயணம்

நபி (ஸல்) அவர்களின் வம்சத் தொடரை அத்னான் வரை ஒரு பெயர் பிசகாமல் என்னால் சொல்ல முடியும். அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் மனனம் செய்தது. இருபது வருடங்களாக மாணவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆனால், உங்கள் உம்மும்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது. சென்ற வருடம் வரை அது ஒரு குறையாகவும் எனக்குத் தோன்றவில்லை.

சென்ற வருடம் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளையும் எங்கள் சாய்ந்தமருதுதான். இருபத்தாறு வயது, தொழுகையுள்ள பிள்ளை. இரு தரப்புக்கும் மனம் பொருந்தி, நாள் குறிக்கும் நேரத்தில் எங்கள் பெரியம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "சுனாமி முகாம்ல இந்தப் புள்ளைக்குப் பால் குடுத்தது மாப்பிள்ளைட உம்மாவோ, அவட தங்கச்சியோ. ரெண்டு பேர்ல ஒராள். யாரெண்டு எனக்கு நினைவில்ல."

அன்றிரவே தங்கச்சி அழுதபடி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

இதன் பாரம் வாசகிகளுக்கு விளங்கும். இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை ஒரு பெண்ணிடம் ஐந்து தடவை பால் குடித்திருந்தால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அப்பெண் அதற்குத் தாயாகிறாள். அவளுடைய பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்புகள். ஸூரத்துந் நிஸாவின் 23ஆம் வசனம் மணமுடிக்கக் கூடாதவர்களை எண்ணும்போது பாலூட்டிய தாயையும் பால்குடிச் சகோதரியையும் சேர்த்தே எண்ணுகிறது. பால் கொடுத்தவர் மாப்பிள்ளையின் உம்மா என்றால் இந்த நிக்காஹ் இல்லை. அவருடைய தங்கச்சி என்றால் தடையில்லை. ஆனால் மாப்பிள்ளையின் உம்மா மௌத்தாகி ஆறு வருடம். முகாமில் பிள்ளையை வைத்திருந்த என் உம்மாவும் இன்று இல்லை.

மறுநாள் ஸுபஹு தொழுதுவிட்டுக் கண்டியில் கல்முனை பஸ் ஏறினேன். மனைவியும் கூட வந்தாள். மஹியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் அவள் கண்ணை மூடி ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதியத்தலாவை, மஹாஓயா, உகனை என்று மலை தேய்ந்து, அம்பாறை தாண்டியதும் வயல்வெளி திறந்தது. அந்த வெளியைக் கண்டால்தான் எனக்கு ஊருக்கு வந்த உணர்வு.

போர்த்துக்கேயர் 1626ஆம் ஆண்டு தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. பஸ்ஸில் இருந்து அதை நினைத்துக்கொண்டேன். நாலாயிரம் என்று தொகை இருக்கிறது. அதில் எத்தனை பெண்கள், யார் யாருடைய தாய், யார் யாருக்குப் பாலூட்டினாள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அரபு நாட்டிலிருந்து வந்த மூதாதையைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. அவரைக் கரையில் மணமுடித்த பெண்ணின் பெயரைச் சொல்பவரை நான் கண்டதில்லை.

காரைதீவுச் சந்தியில் பஸ் வடக்கே திரும்பியது. மாளிகைக்காடு, அடுத்தது சாய்ந்தமருது. நேரே பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தோம். எங்கள் உம்மாவின் வீடு அங்கேதான் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அதன் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று கட்டுப்பாடு வந்து, பிறகு தளர்ந்தது. அதற்குள் எங்கள் அயலவர்கள் பலர் வயற்பக்கக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மணலுக்குள் தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், வாப்பா எழுதிய ஒரு கொப்பி, எல்லாம் அன்று போனவை. கடலைப் பார்த்து ஒரு யாஸீன் ஓதிவிட்டுத் திரும்பினோம்.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. "வா மனே" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தேத்தண்ணி குடித்து, அஸர் தொழுத பின் நான் கொப்பியைத் திறந்தேன். ஒரு கேள்விக்காகத்தான் வந்தேன் என்றாலும், வந்த இடத்தில் குடும்பத்தை முழுவதும் எழுதிக்கொள்வோம் என்று நினைத்தேன்.

வாப்பா வழியில் நான்கு பெயர்கள் சொன்னார். அதோடு நின்றுவிட்டது. "உன்ட வாப்பா வேற ஊராள். எனக்கென்ன தெரியும்?" உம்மா வழியைக் கேட்டேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் பகுதி வழக்கம் பிற மாவட்ட வாசகிகளுக்குப் புதுமையாக இருக்கலாம். இங்கே குடி என்பது தாய்வழியாக வரும். உம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. மூத்தநாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்று பெண்களின் பெயரைத் தாங்கிய குடிகளும் கிழக்கில் உண்டு. ஒரே குடியில் மணமுடிப்பதைப் பெரியவர்கள் தவிர்ப்பார்கள். மார்க்கத்தில் அப்படியொரு தடை இல்லை. ஆனாலும் அந்த வழக்கத்துக்காகவே பெண்கள் தலைமுறைகளை மனதில் வைத்திருந்தார்கள். வீடும் பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார். அதனால் வரும் சீதனச் சுமையை மிம்பரில் நான் கண்டித்திருக்கிறேன், இன்னும் கண்டிப்பேன். ஆனால் அன்று அந்த வழக்கத்தின் ஒரு நன்மையையும் கண்டேன்.

பெரியம்மா பெட்டியைத் திறந்து ஒரு பழைய உறுதியை எடுத்துத் தந்தார். அவருடைய வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் அது தப்பியது. தாய் மகளுக்குக் காணி எழுதிக் கொடுத்த உறுதி. கீழே பெருவிரல் அடையாளம். அந்த அடையாளத்துக்குப் பக்கத்தில் என் உம்மும்மாவின் உம்மாவுடைய பெயர் இருந்தது. அதை வாய்விட்டு வாசித்தேன். நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக அவருக்கு மஃபிரத் கேட்டு, பெயர் சொல்லி துஆச் செய்தேன்.

அவருக்கு மேலேயும் இரண்டு பெண்களின் பெயரைப் பெரியம்மா மனதிலிருந்து சொன்னார். யார் எப்போது பிறந்தார்கள் என்று கேட்டால் வருடம் தெரியாது. "1957 வெள்ளத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால் உடனே சொல்வார். "1978 சூறாவளிக்கு அவ வயித்துல" என்பார். வயதானவர்களிடம் விசாரிப்பவர்களுக்கு இது நல்ல வழி.

கடைசியாகப் பால் விடயத்தைக் கேட்டேன். "உன்ட தங்கச்சி காயத்தோட அம்பாறை ஆஸ்பத்திரியில. உம்மாட கையில எட்டு மாசப் புள்ள கத்துது. அந்த ரெண்டு பேரும் பக்கத்துப் பாயில இருந்தாங்க. மூத்தவட மடியில புள்ளய நான் கண்டன். அவ குடுத்தாவா, சின்னவ குடுத்தாவா, அதச் சொல்ல ஏலா மனே."

சந்தேகத்தைக் கொண்டு பால்குடி உறவு உறுதியாவதில்லை என்பது சட்டம். ஆனால் உக்பா இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களின் செய்தி என் நினைவுக்கு வந்தது. அவரும் அவர் மணமுடித்த பெண்ணும் தன்னிடம் பால் குடித்தவர்கள் என்று ஒரு பெண் வந்து சொன்னபோது, அவர் மதீனாவுக்குப் பயணம் செய்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அப்படிச் சொல்லப்பட்ட பின் எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்ற கருத்தில் பதில் வந்தது, அவர் பிரிந்துவிட்டார். ஒரு பெண்ணின் சொல்லுக்கு அவ்வளவு கனம். அப்படியிருக்க, சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போது கேட்காமல் விட்டுவிட்டு நிக்காஹ் ஓத எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை பெரியம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வயற்பக்கக் குடியிருப்புக்குப் போனேன். மாப்பிள்ளையின் சாச்சி அங்கே இருக்கிறார். அவருடைய கணவர் விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார். நான் விடயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அந்தப் பெண் தலை குனிந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான்தான் குடுத்த மவுலவி. பதினொரு நாள். என்ட ஆறு மாசப் புள்ளயக் கடல் கொண்டுபோயிட்டு. மையித்தும் கிடைக்கல்ல. நெஞ்சுல பால் கட்டி காய்ச்சல். உங்கட உம்மா புள்ளயக் கொண்டுவந்து மடியில வச்சாங்க. ஒண்டும் கேக்கல்ல, வச்சாங்க. ராத்தாக்கு அப்ப ஏது பால்? அவட கடைசிப் புள்ள இந்த மாப்பிள்ளைதானே, அவனுக்கு அஞ்சு வயசு. நான் படுத்திருக்கக்குள்ள அவ புள்ளயத் தூக்கி வச்சிருப்பா."

வேறொன்றையும் சொன்னார்: "இந்தப் புள்ளயக் கேளுங்க எண்டு ராத்தாட வீட்டாருக்குச் சொன்னதே நான்தான்."

"இத்தனை வருடமும் ஏன் ராத்தா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"குடுத்ததச் சொல்லிக் காட்டக் கூடாது, நன்மை அழிஞ்சி போயிடும் எண்டு நீங்கதானே பயான்ல சொல்ற?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னேன்: தர்மத்தைச் சொல்லிக் காட்டுவது வேறு, பாலூட்டியதைத் தெரியப்படுத்துவது வேறு. இது சாட்சியம். பாலூட்டிய பெண்கள் அதை நினைவில் வைக்க வேண்டும், அறிவிக்க வேண்டும், எழுதியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களில் அறிஞர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். இதை நான் மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். பெண்களுக்கு ஒரு நாளும் பயானில் சொன்னதில்லை. அந்தக் குறை என்னுடையது.

அவருடைய கணவரிடம் திரும்பி, "நானா, நீங்களும் அந்தப் பிள்ளைக்கு வாப்பாதான். பால் கணவரையும் தந்தையாக்குகிறது. உங்கள் இரண்டு ஆண் பிள்ளைகளும் அவளுக்குச் சகோதரர்கள். அவள் உங்கள் முன்னால் முக்காடு இல்லாமலும் வரலாம்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

திரும்பி வரும்போது பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம். மாப்பிள்ளையின் சாச்சி பாலூட்டிய பிள்ளை என்றால் ஊர் முறைப்படி அண்ணன் தங்கச்சி ஆகாதா? பால் கொடுத்தவருடைய பிள்ளைகளுக்குத்தான் அவள் சகோதரி. அவருடைய ராத்தாவின் மகனுக்கு மார்க்கத்தில் தடை கிடையாது என்று விளக்கினேன். சற்று யோசித்து அவரே தீர்ப்புச் சொன்னார்: "சரிதான். குடி வேற, பால்குடி வேற." முகாமில் இருந்த இன்னும் இரண்டு பெண்களிடமும் விசாரித்தேன். அவர்களும் சின்னவரைத்தான் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. பெண்ணின் அறையில் அன்று இரண்டு உம்மாமார் இருந்தார்கள்.

கண்டிக்குத் திரும்பியதும் குடும்ப மரத்தைப் பெரிய தாளில் வரைந்தேன். வாப்பா வழிக்கு ஒரு கோடு, உம்மா வழிக்கு ஒரு கோடு, பால் வழிக்குப் புள்ளிக் கோடு. வரைந்த பின்தான், நான் ஓதிக் கொடுக்கும் ஸீராவிலேயே இது இருப்பதைக் கவனித்தேன். நபி (ஸல்) அவர்களின் தந்தை வழி அத்னான் வரை இருக்கிறது. ஆமினாவின் தாய் பர்ரா, பர்ராவின் தாய் உம்மு ஹபீப் என்று தாய் வழியும் இருக்கிறது. பாலூட்டிய துவைபாவும் ஹலீமாவும் இருக்கிறார்கள். ஹுனைன் போருக்குப் பின் கைதிகளோடு வந்த பால்குடிச் சகோதரி ஷைமாவுக்கு நபியவர்கள் தம் போர்வையை விரித்து உட்காரச் சொன்னதும் இருக்கிறது. மூன்று வழிகளும் பாதுகாக்கப்பட்டிருக்க, நாங்கள் ஒன்றை மட்டும் மனனம் செய்துகொண்டிருந்தோம்.

சகோதரிகளே, இந்த வாரமே ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் பெயரில் தொடங்கி உம்மா, உம்மும்மா, அவருடைய உம்மா என்று எழுதுங்கள். வாப்பா வழியையும் அவ்வாறே எழுதுங்கள். உங்கள் பிள்ளை யாரிடமாவது பால் குடித்திருந்தால், நீங்கள் யாருடைய பிள்ளைக்காவது கொடுத்திருந்தால், பெயர், ஊர், மாதம், எத்தனை தடவை என்பதைக் குறித்து வையுங்கள். பழைய உறுதிகளையும் நிக்காஹ் பதிவுகளையும் தேடிப் பாருங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய நிக்காஹ் பதிவில் மாப்பிள்ளையும் வலியும் கையொப்பமிட்டிருப்பார்கள், பெண்ணின் கையொப்பத்தை அங்கே தேடினால் கிடைக்காது. ஆகவே முதலில் வீட்டில் இருக்கும் வயதான பெண்ணிடம் போய் உட்காருங்கள். கடதாசி நாளைக்கும் இருக்கும்.

எங்கள் பெரியம்மா இந்த ரமழானுக்கு முன் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுவிட்டார். அவர் சொன்ன பெயர்கள் என் கொப்பியில் இருக்கின்றன. வாசிப்பவர்கள் அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்.