உப்பிட்ட மலைவீதி

இங்கிலாந்தின் வடபால், பெனைன் மலைத்தொடரின் முதுகிலே அமைந்த சிற்றூர் ஓல்ஸ்டன். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் உள்ள இவ்வூர், அந்நாட்டின் மிக உயர்ந்த சந்தைப் பட்டினங்களுள் ஒன்றாகும். செங்குத்தாக ஏறும் கடைவீதி, அதிலே பதித்த கற்கள், நடுவே பழைய சந்தை மண்டபம், கீழே தென் டைன் ஆறு ஆகிய இவற்றைக் கோடையிற் காணும் பிரயாணிக்கு, இங்கு எவருக்கும் யாதொரு குறையுமில்லை என்றே தோன்றும். மார்கழி பிறந்ததும் ஊரவரின் கண்கள் மேற்கே உள்ள கணவாயை நோக்கித் திரும்பிவிடும்.

ஹார்ட்சைட் என்பது அக்கணவாயின் பெயர். உயரம் 1,900 அடிக்கு மேல். அதைக் கடந்துதான் இருபது மைல் தொலைவிலுள்ள பென்றித் நகருக்குச் செல்லவேண்டும். கிழக்கு வழியோ 2,000 அடிக்கும் மேலான கில்ஹோப் உச்சியை ஏறிக் கடக்கிறது. ஹார்ட்சைட் உச்சியில் நாம் நின்றபோது வானம் தெளிந்திருந்தது. மேற்கே ஏரி நாட்டு மலைகளும் சொல்வே கடற்கழியும் தெரிந்தன. அங்கிருந்த தேநீர்ச்சாலை 2018-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. வீதியோரத்தில் நிரையாக நின்ற கம்பங்களின் பயனை முதலில் நாம் உணரவில்லை. வெண்பனி மூடிய வேளையில், வீதி எது, பள்ளம் எது எனச் சாரதிக்குக் காட்டுபவை அவையே. பக்கத்து மலைச்சரிவில் வீசும் வாடைக்கு ‘ஹெல்ம்’ என்று பெயர். பிரித்தானியாவில் தனிப்பெயர் பெற்ற காற்று இது ஒன்றே.

முன்னாளில் இவ்வூரைக் காத்தது புகையிரதம். ஈயச் சுரங்கங்கள் செழித்த காலத்தில், 1852-இல், ஹோல்ற்விசிலிலிருந்து இங்கே பாதை அமைத்தார்கள். 1960-களில் நட்டந்தரும் பாதைகளையெல்லாம் மூட அரசு முனைந்தபோது இதுவும் அகப்பட்டது. ஆயினும் எக்காலத்துக்கும் உகந்த வீதி இல்லாத ஊரிலிருந்து புகையிரதத்தைப் பறிப்பது எங்ஙனம்? அவ்வீதி அமைந்த பின்னரே, 1976-இல், பாதை மூடப்பட்டது. அன்று முதல் ஊரின் உயிர்நாடி வீதியாயிற்று. அதைத் திறந்து வைப்பது உள்ளூராட்சிச் சபையின் கடனாயிற்று.

அக்கடனைத் தீர்க்கும் பொருள் உப்பு. செஷயர் பகுதியில் வின்ஸ்ஃபோர்ட் என்னுமிடத்தில் 1844-இல் தொடங்கிய சுரங்கம் இன்றும் பாறையுப்பை அள்ளித் தருகிறது. மண்ணிறமான இவ்வுப்பை லொறிகள் வீதியில் தூவும். உப்பு நீர் எளிதில் உறையாது. ஆதலால் பனிக்கட்டி பிடிக்கு முன்னரே தூவுதல் வேண்டும். வானிலை அறிவிப்பையும், வீதியிற் பதித்த கருவிகள் காட்டும் வெப்பநிலையையும் ஆராய்ந்து, அன்றிரவு லொறி புறப்படவேண்டுமா என்பதை அதிகாரி முற்கூட்டியே தீர்மானிக்கிறார். சாதாரண உறைபனிக்குச் சதுர மீற்றருக்குப் பத்துக் கிராம் அளவே போதும்.

இங்கே ஒரு விந்தை உண்டு. தூவிய உப்பை வாகனச் சக்கரங்கள் மிதித்துக் கலக்கினால்தான் அது நன்கு வேலை செய்யும். போக்குவரத்து மிகுந்த வீதி விரைவில் தெளிகிறது; வண்டி அருகிய மலைவீதியோ உப்புப் பெற்றும் உறைந்து கிடக்கிறது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பத்துப் பாகை இறங்கினால் உப்பின் வலிமையும் குன்றிவிடும். ஆகவே அதிக உதவி வேண்டிய இடத்திலேதான் ஒவ்வொரு பவுணும் குறைந்த பலனைத் தருகிறது.

எல்லா வீதிக்கும் உப்பிட எச்சபையாலும் இயலாது. பெருவீதிகளும் பஸ் வழிகளும் முதலிடம் பெறும். பண்ணைகளுக்குச் செல்லும் ஒழுங்கைகள் கடைசியாகக் காத்திருக்கும். சட்டமும் நெடுங்காலம் தெளிவற்றிருந்தது. பனிக்கட்டியை அகற்றுவது வீதி பராமரிப்புக் கடமையில் அடங்காது என 2000-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பனிக்கட்டியில் கார் வழுக்கியதால் படுகாயமுற்ற ஒருவரின் வழக்கு அது. 2003-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நடைமுறைக்கு இயன்ற அளவு பனியால் ஆபத்து நேராமற் காப்பது சபைகளின் கடமை என விதித்தது. ‘இயன்ற அளவு’ என்னும் இரு சொற்களின் பொருளைத்தான் ஒவ்வொரு மாரியிலும் சபைகள் வரவுசெலவு ஏட்டில் தேடிக்கொண்டிருக்கின்றன.

2023 ஏப்பிரல் முதலாந் திகதி கம்பிரியா மாவட்ட சபை கலைந்தது. ஓல்ஸ்டன் வெஸ்ற்மோலண்ட் - ஃபேணஸ் என்னும் புதிய சபையின் கீழ் வந்தது. தென்கோடியிலுள்ள பரோ கப்பற்றுறை நகரமும் இம்மலையூரும் இப்போது ஒரே பணப்பெட்டியை நம்பியிருக்கின்றன.

நாட்டுப்புறத் திட்டங்களுக்கான பணமோ வேறு வழியால் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘லீடர்’ உதவி, பிரித்தானியா விலகிய பின் முடிவுற்றது. 2022-இல் இங்கிலாந்தின் கிராமப்புறங்களுக்கென அரசு 11 கோடிப் பவுண் நிதியை அறிவித்தது. விண்ணப்பித்துப் பெறவேண்டிய, தவணை குறித்த பணம் இது. ஓல்ஸ்டன் மக்கள் இதிற் கைதேர்ந்தவர்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசுதவியுடன் தமக்கென இணையத் தொடர்பு ஏற்படுத்தினர். பனிவாரும் வண்டியொன்றையும் ஊர்ப் பொதுவாகத் தேடிக்கொண்டனர்.

ஆனால் அத்தகைய நிதி கட்டடத்தை எழுப்பும். ஆண்டுதோறும் உப்பு வாங்கித் தராது. புதிய மண்டபத்துக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. விடியுமுன் உப்பிட்ட வீதிக்கோ காலையில் ஒரு தடயமும் இராது. பாடசாலை பஸ் வழக்கம்போல ஊர்ந்து செல்லும். பஸ் வராத மலையூரில் மண்டபம் பூட்டியே கிடக்குமன்றோ? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் என்றனர் நம் முன்னோர். ஓல்ஸ்டன் மக்களுக்கு அது வெறும் முதுமொழியாகத் தோன்றாது.