நீர்மேல் சுமக்கும் நெருப்பு

கடலின் அடியில் பெண்குதிரை முகத்தோடு எரிகின்ற வடவைத் தீயைப் பற்றி நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லி வருகிறோம். கடல் பொங்கிக் கரை கடவாதபடி அது நீரை உண்டு அடக்கி வைக்கிறது என்பது பழைய நம்பிக்கை. ஆயினும் நீருக்கு நடுவே நெருப்பை வைத்திருப்பதன் இடர் நமக்கு விளங்கியது இலக்கியத்தால் அன்று, விசைப்படகால்.

மீனவக் குடும்பத்திலிருந்து வந்து நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, பழைய கார் எஞ்சின் ஒன்று மலிவாக வருகிறது. படகில் பொருத்தலாம் என்கிறார் சித்தப்பா. எல்லாம் எஞ்சின்தானே?" அவருடைய தந்தை உறங்குவது எஞ்சின் அறையை ஒட்டிய பலகையில். எனவே விடையை ஊகத்தில் சொல்ல மனம் வரவில்லை. படகுத்துறை மெக்கானிக் ஒருவரிடம் கேட்டதையும் பின்னர் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் காற்று. காரின் அடிப்புறம் திறந்திருப்பதால், கசியும் பெட்ரோல் ஆவி சாலையோடு போய்விடும். படகின் எஞ்சினோ மூடிய தொட்டிக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலெழாமல் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். சாவியைத் திருப்புகையில் ஸ்டார்ட்டர் மோட்டாரில் தோன்றும் ஒரு சிறு பொறி போதும். அமெரிக்காவில் 1980 ஜூலை 31-க்குப் பின் கட்டப்பட்ட, மூடிய அறையில் பெட்ரோல் எஞ்சின் கொண்ட படகுகளுக்கு ஆவியை வெளியேற்றும் விசிறி கட்டாயம். எஞ்சினைக் கிளப்புமுன் அதை 4 நிமிடமேனும் ஓடவிட வேண்டும். படகுக்கான ஸ்டார்ட்டரில் உள்ளே எழும் பொறி வெளியே இருக்கும் ஆவியைத் தீண்டாதபடி காப்பு உண்டு. கார் ஸ்டார்ட்டரில் அக்காப்பு இல்லை. டீசலில் இந்த அச்சம் மிகக் குறைவு. எனினும் மூச்சு இரண்டுக்கும் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை.

அடுத்தது குளிர்ச்சி. ஓடும் காருக்கு எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தணித்துக்கொடுக்கும். சமவெளியில் அது இளைப்பாறியும் ஓடும். படகோ நீரைத் தள்ளியபடி ஓயாமல் மலையேறுவது போன்றது. எதிர்க்காற்றும் உள்ளே வராது. ஆகவே கடலையே துணைக்கு அழைக்கிறார்கள். பம்ப் இழுத்துத் தரும் கடல்நீர் ஒரு குழாய்க் கூட்டின் வழியே பாய, எஞ்சினைச் சுற்றிவரும் நன்னீர் தன் சூட்டை அதனிடம் இறக்கி வைக்கிறது. உப்புநீரை நேரே எஞ்சினுக்குள் விட்டால் இரும்பை அரிக்கும். சூடு மிகுந்தால் உப்புப் படிந்து வழியடைக்கும். அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளத் துத்தநாகத் துண்டு ஒன்றையும் வைக்கிறார்கள். தான் கரைந்து பிறவற்றைக் காக்கும் உலோகம் அது.

இறுதியாகப் புகை. காரின் புகைக்குழாய் திறந்தவெளியில் தானே ஆறும். படகில் அது மரத்துக்கும் எரிபொருள் தொட்டிக்கும் அருகே செல்கிறது. ஆதலின் சூட்டை வாங்கிய கடல்நீரையே புகையோடு கலந்து, ரப்பர் குழாய் வழியே வெளியேற்றுவது ஒரு முறை. வெப்பத்தடை சுற்றிய குழாயை மேலே கொண்டுசெல்வது மற்றொன்று. முதல் முறையில் கடல்நீர் நின்றால் ரப்பர் கருகும். புகை உள்ளே நுழையும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை அது எழுப்பாது.

வண்டி எஞ்சினைப் படகுக்கேற்ப மாற்றி ஓட்டுவோர் உண்டு. அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. மாற்றாமல் ஓட்டுவதே தவறு. விலை பேசுமுன் கேட்க வேண்டியவை மூன்று: காற்று எங்கிருந்து வரும்? சூடு எங்கே போகும்? புகை எவ்வழி வெளியேறும்? இவற்றுக்கான செலவையும் கூட்டிய பிறகே அந்த எஞ்சின் மலிவா என்று சொல்ல முடியும்.