வானத்திலிருந்து இறங்கிய விளையாட்டு

என் பேரனுக்குப் பழைய வீடியோ கேம் பெட்டிகள் மேல் ஒரு பைத்தியம். அவன் சொல்லிக் கேள்விப்பட்டு, பிறகு நானாகவும் தேடிப் படித்த ஒரு சங்கதியை இன்று எழுதுகிறேன். வீடியோ கேம் என்றதும் என் வயது நண்பர்கள் எழுந்து போய்விட வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியின் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டி அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. கடையில் கார்ட்ரிட்ஜ் வாங்கி, பெட்டியின் தலையில் செருகி, டிவியில் விளையாட வேண்டும். 1995 ஏப்ரலில் இந்தப் பெட்டிக்கு ஒரு துணைக்கருவி வந்தது. அதன் பெயர் சாட்டெலாவியூ. பெட்டியின் அடியில் அதைப் பொருத்தி, டிஷ் ஆன்டெனாவோடு இருக்கும் செயற்கைக்கோள் ட்யூனரில் இணைத்துவிட்டால், விளையாட்டு நேராக வானத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும். இன்டர்நெட் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழையாத காலம் அது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபரப்பியது செயின்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலி. அதுவும் விசித்திரமான நிலையம்தான். கடலலை, பறவைச் சத்தம், மெல்லிய இசை என்று, கடலின் ஏற்றவற்றத்தையும் சந்திரனையும் கணக்கில் வைத்து நிகழ்ச்சிகளை அமைத்தவர்கள். சந்தா கட்டிக் கேட்க வேண்டும். கேட்க இனிமைதான், வருமானம் போதவில்லை. 1993இல் நின்டெண்டோ அதில் பங்கு வாங்கியது. அலையோசை வந்த வழியிலேயே விளையாட்டும் வரத் தொடங்கியது.

கருவியை ஓடவிட்டால் திரையில் ஒரு சிறு ஊர் தெரியும். பையனாகவோ பெண்ணாகவோ ஓர் உருவத்தைத் தேர்ந்துகொண்டு அந்த ஊர்த் தெருக்களில் நடக்கலாம். ஒவ்வொரு கட்டடமும் ஒரு வகை நிகழ்ச்சி. ஒன்றில் நுழைந்தால் விளையாட்டு, இன்னொன்றில் நுழைந்தால் பத்திரிகை போன்ற செய்திகள். இறக்கியதைச் சேமிக்க ஒரு மெமரி பேக் உண்டு. அதன் கொள்ளளவு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. புதியது வேண்டுமென்றால் பழையதை அழித்துத்தான் இடம் பண்ண வேண்டும். சில விளையாட்டுகளை இத்தனை தடவைதான் ஆடலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

இதில் என்னை ஈர்த்தது சவுண்ட்லிங்க் என்ற வகை. இதைக் குறித்த நேரத்தில் மட்டுமே ஆட முடியும். 1995 ஆகஸ்டில் செல்டா என்ற புகழ்பெற்ற விளையாட்டை இப்படி வாரம் ஒரு பாகமாக நான்கு பாகங்கள் ஒலிபரப்பினார்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு மணி நேரம். நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் வழியாக நடிகர்களின் குரல் வரும். கதை சொல்வார்கள், வழி காட்டுவார்கள், 'இதோ இப்போது உனக்கு இந்தச் சக்தி கிடைக்கிறது' என்பதுபோல் அறிவிப்பார்கள். அந்த நிமிடத்திலேயே திரையிலும் அது நடக்கும். நேரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. எங்கோ ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் சிறுவன், தன் வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் அதே நொடியில் அதே குரலைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தே ஆடியிருப்பான்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே 'ரான்தெவூ' என்று ஒரு சொல் உண்டு. இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் சந்திப்போம் என்று இருவர் பேசி வைத்துக்கொள்வது. இந்த விளையாட்டை நினைத்தால் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சந்தாதாரர்கள் அதிகமாக இருந்தபோதுகூட எண்ணிக்கை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். 1999இல் நின்டெண்டோ ஒதுங்கிக்கொண்டது. செயின்ட் கிகா பழையவற்றையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பி ஒப்பேற்றிப் பார்த்தது. 2000 ஜூன் 30ஆம் தேதி எல்லாம் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பழைய மெமரி பேக்குகளை ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். எந்தச் சிறுவன் கடைசியாக எதை இறக்கி, அழிக்காமல் விட்டானோ, அது அதில் அப்படியே இருக்கிறது. அதைப் படித்தெடுத்துப் பாதுகாக்கிறார்கள். பேக்கைத் திறந்து பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இப்படியே பல விளையாட்டுகள் மீண்டிருக்கின்றன. ஆனால் சவுண்ட்லிங்க் குரல்கள் மெமரி பேக்கில் ஏறவே இல்லை. அவை வானொலிபோல வந்தன, காதில் விழுந்தன, போய்விட்டன. அன்றைக்கு யாரோ சிலர் வீட்டு வீடியோ ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்ததால் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. இன்று விளையாட்டு கிடைத்தாலும், குரல் இல்லாவிட்டால் அது பாதி ஊமை.

'பேச்சு பறந்துவிடும், எழுத்து நிற்கும்' என்ற பழமொழியைப் பள்ளியில் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தோம். பிறகு அரசாங்க அலுவலகத்தில் அதையே வேதமாக வைத்துப் பிழைத்தேன். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, எழுதிக் கொடு, கோப்பில் ஏற்று. எந்தக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எதை அழிக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. காகிதத்தில் இருப்பதுதான் நடந்தது. காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை.

இந்த ஜப்பான் கதையைப் படித்த பிறகு அந்தக் கோப்புகளை வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். 'மனுதாரர் நேரில் வந்து முறையிட்டார்' என்று ஒரு வரி எழுதுவோம். அந்த அம்மாள் கவுண்டரில் நின்று எந்தக் குரலில் சொன்னார், எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, இதெல்லாம் எந்தக் கோப்பிலும் கிடையாது. மெமரி பேக்கில் விளையாட்டு மட்டும் தங்கியதுபோல், மனு இருக்கிறது, ஆணை இருக்கிறது, ஆளின் குரல் இல்லை. விதிப்படி சரியான கோப்புதான். ஆனால் அதை வைத்து அன்றைக்கு நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது.

ரெக்கார்டர் பொத்தானை அழுத்திய அந்த ஜப்பான்காரர்களை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த விதியும் சொல்லவில்லை. பிடித்திருந்தது, பதிவு செய்தார்கள். நின்டெண்டோவுக்கும் செயின்ட் கிகாவுக்கும் தோன்றாத வேலையை ஒரு சாதாரண நாடா செய்தது.

நம் வீட்டுப் பரண்களிலும் பழைய கேசட்டுகள் கிடக்கும். கல்யாணத்தில் பதிவு செய்தது, துபாய்க்கோ பாரீசுக்கோ போனவர் பேசி அனுப்பியது, ஒரு குழந்தையின் மழலை. 'இதைப் போட்டுக் கேட்க இப்போது பெட்டியே இல்லையே' என்று தூக்கிப் போடுமுன் ஒருவரிடம் கொடுத்துப் பதிவை மாற்றித் தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது இருக்கின்றன. பேரன் அடுத்த மாதம் வருகிறான், வேலை அவனுக்குத்தான்.